நான்காவது சட்டம்

காட்டுக்குள் குடியிருக்கிறவளிடம் பட்டணத்து ஸ்நேகிதிகள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பயமாக இல்லையா?" பாம்பு, யானை, திருடன், இருட்டு என்று அவரவர் சுபாவத்துக்கு ஏற்றபடி பயத்தின் பெயர் மாறும், கேள்வி மாறாது. "இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு வேறு எதற்கும் பயப்பட நேரம் ஏது?" என்று நானும் ஒரே பதிலைச் சொல்லி வந்தேன். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தப் பதில் பொய் என்று எனக்கே தெரிந்துபோன சாயங்காலம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் நாங்கள் காட்டுக்குப் போன கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2001-ஆம் வருஷம் பாங்குகளில் விருப்ப ஓய்வு கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பதினெட்டு வருஷம் பிறர் பணத்தை எண்ணி அலுத்துப்போன என் கணவர், முதல் ஆளாக இல்லாவிட்டாலும் மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதே சமயத்தில் உலகம் முழுவதும் காப்பி விலை படுபாதாளத்துக்குப் போயிருந்தது. பழநி மலையின் கீழ்ப்பகுதியில் சின்னத் தோட்டக்காரர்கள், பழம் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் விற்கிறபோது வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று என் கணவர் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். எல்லாரும் விற்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று, எந்தப் புத்தகமும் படிக்காமலே நான் சொன்னேன். புத்தகம்தான் ஜெயித்தது. தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவில் ஒரு சரிவில் நாலு ஏக்கர் தோட்டமும் ஓர் ஓட்டு வீடும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அப்போது பெரியவனுக்கு ஐந்து வயசு, சின்னவனுக்கு இரண்டு.

எனக்கு ஆறுதலாக ஒரு விஷயம் இருந்தது. மலையடிவாரத்தில் இருக்கிற வத்தலக்குண்டு சாமானிய ஊர் அல்ல. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் 1872-ல் பிறந்தது அங்கேதான், பி.எஸ்.ராமையாவின் பெயரில் முதல் எழுத்தாக நிற்பதும் அந்த ஊர்தான். "இலக்கியக் காற்று அடிக்கிற பிரதேசம்" என்றேன் பெருமையாக. "அடிவாரத்துக் காற்று மலை ஏறுமா?" என்று கேட்டார் என் கணவர். ஏறவில்லை என்றே சொல்ல வேண்டும். மேலே அடித்த காற்றில் ஈரமும் அட்டைகளும்தான் இருந்தன.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதன் நிழலில் காப்பிச் செடி. நடுநடுவே பலா, கமலா ஆரஞ்சு, மலைவாழை. எங்கள் நிலம் எங்கே முடிகிறது, காடு எங்கே ஆரம்பமாகிறது என்பது பத்திரத்தில் மட்டும் தெளிவாக இருந்தது. மலை அணிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் பத்திரம் படிக்கத் தெரியாது. என் பிள்ளைகளும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

பையன்களின் நிஜார்ப் பையைத் துழாவாமல் துவைக்கக் கூடாது என்பது நான் அங்கே கற்ற முதல் பாடம். காப்பிப் பழம், கவண்கல், செத்த வண்டு, சாகாத வண்டு, யாருடைய பல் என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு பல் எல்லாம் அதில் இருக்கும். ஒரு முறை பெரியவனுடைய ஜியாமிதிப் பெட்டியைத் திறந்தேன். காம்பஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாம்புச் சட்டை, தலை முதல் வால் வரை கிழியாமல், வெகு அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. "சட்டைதாம்மா. பாம்பு வேற இடத்துல இருக்கு" என்று என்னைத் தேற்றினான் பெரியவன்.

அதற்குப் பிறகுதான் சட்டம் போட்டேன். மூன்று சட்டங்கள். பெரியவன் அப்போது எழுதப் பழகிக்கொண்டிருந்தான். பின்தாழ்வாரச் சுவரில் கரித்துண்டால் அவனையே எழுத வைத்தேன்.

ஒன்று: கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. இரண்டு: விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். மூன்று: தனியாக எங்கும் போகக் கூடாது.

மூன்றாவது சட்டத்தில் இருந்த ஓட்டையை ஒரே வாரத்தில் பெரியவன் கண்டுபிடித்துவிட்டான். எங்கே போனாலும் தம்பியைக் கூடவே இழுத்துக்கொண்டு போனான். "நான் தனியாப் போகலையே, தம்பி இருந்தானே" என்பான். மூக்கு ஒழுகிக்கொண்டு, நிஜார் பாதி இறங்கி, இரண்டு கணுக்காலிலும் அட்டை கடித்து ரத்தம் வழிய நிற்கிற அந்தச் சின்னஞ்சிறு துணையைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் சிரிப்பு வரும். எனக்கு அழுகை வந்தது. ஆனால் சட்டப்படி குற்றம் சாட்ட முடியவில்லை.

மதுரையில் என் மாமனார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மாதம் தவறாமல் ஒரு கார்டு போடுவார். "சௌபாக்கியவதிக்கு ஆசீர்வாதம். பிள்ளைகளை வனவாசம் அனுப்பியது கைகேயி, கூடவே போய்க் குடியிருப்பது நீ ஒருத்திதான்" என்று ஒரு தடவை எழுதியிருந்தார். காட்டைத் தேர்ந்தெடுத்தது அவர் பிள்ளை. கைகேயி பட்டம் மட்டும் எனக்கு. குடும்பங்களில் இது சகஜம்.

பையன்களுக்கு நான் போட்ட சட்டம் பாதி. மீதிப் பாதியைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தோட்டத்துக்குக் காவலாக இருந்த பெரியவர். பளியர் இனத்தவர். தேன் எடுப்பதிலும் கிழங்கு தோண்டுவதிலும் வயசைக் கழித்தவர். அதிகம் பேச மாட்டார். பையன்கள் அவரைத் தாத்தா என்று அழைத்து, மதுரைத் தாத்தாவுக்குக் கொடுக்காத மரியாதையை எல்லாம் அவருக்குக் கொடுத்தார்கள். காட்டுமாட்டைப் பற்றி அவர் அவர்களுக்குச் சொன்னதை நான் சமையலறையில் இருந்தபடியே பல தடவை கேட்டிருக்கிறேன்.

"அது வம்புக்கு வராது. வழிதான் கேக்கும். குடுத்தா போயிரும். ஓடாதே. கத்தாதே. கல்லு எறியாதே. உசரமா ஒரு இடம் பாத்து ஏறி, சத்தமில்லாம உக்காந்துக்க. அது போனப்புறம் நீ போ."

காட்டுமாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் எருமையை மனசில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ எடையைத் தொடும். கரும்பாறை போன்ற உடம்பு; முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளை மேஜோடு போட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலும் விடிகாலையிலும் அந்தி மயங்குகிற நேரத்திலும் மேய வரும். சாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கிட்டத்தில் திடுக்கிட்டுப் போனாலோ, கன்று கூட இருந்தாலோ, சாதுவின் போக்கை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். 2006-ஆம் வருஷம் மே மாதம். பெரியவன் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். பக்கத்துக் கிராமத்தில் அவன் படித்தது ஆரம்பப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு மதுரையில் தாத்தா வீட்டுக்கு அனுப்புவதா, தினம் பஸ்ஸில் போய்வர வேறு ஏற்பாடு செய்வதா என்று வீட்டில் ஒரு மாதமாக விவாதம். நான் மதுரைக் கட்சி. என் கணவர் கட்சி எதுவும் சொல்லாத கட்சி. பெரியவனை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு என் கணவர் உரம் வாங்க வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார். கடைசி பஸ்ஸில்தான் வருவார். நான் ஒரு பத்திரிகைத் தொடரின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். என் கதாநாயகி மூன்று நாளாக ரயிலடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளை ரயில் ஏற்றுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுப் பையன்கள் இருவரும் கப்பல் பாறைக்குப் போகிறோம் என்று சொன்னார்கள். தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஓடைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிற பாறை அது. நான் எழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே "உம்" என்றேன்.

தலையைத் தூக்கியபோது எழுத்துத் தெரியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியான மழைக்குப் பிறகு மூடுபனி சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. மின்சாரம் வழக்கம்போல் இல்லை. விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்தேன். அதாவது, இரண்டாவது சட்டம் மீறப்பட்டாயிற்று.

திண்ணையில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கப்பல் பாறையிலிருந்து கூப்பிட்டால் வீட்டில் கேட்கும். வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் அங்கே கேட்கும். அதனால்தான் அங்கே போக அனுமதித்திருந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்க இறங்கக் குரல் உயர்ந்தது. முதலில் கோபம், பிறகு கெஞ்சல், கடைசியில் அது கூப்பிடுவதாகவே இல்லை. இரண்டு பெயர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அலறிக்கொண்டிருந்தேன். ஓடையில் சமீபத்து மழைத் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு மனசின் ஒரு மூலையில் தானாகவே ஓடியது.

யாரோ என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பெரியவர். ஐந்து வருஷத்தில் என் எதிரே உட்கார்ந்துகூடப் பேசாத மனுஷர், என் கையைப் பிடித்து இழுத்து ஒரு பலாமரத்தின் பின்னால் நிறுத்தினார்.

"கத்தாதீங்க தாயி. வெளிச்சத்தை அணைங்க."

அப்போதுதான் மூக்கில் ஏறியது மாட்டுக்கொட்டகை வாசனை. கொட்டகை இல்லாத இடத்தில். முப்பது அடி தூரத்தில் பனிக்குள் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது. பிறகு இன்னொன்று. கண் பழகியதும் வெள்ளைக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஏழோ எட்டோ உருவங்கள், பாறைக்கும் எங்களுக்கும் நடுவில்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அரை மணி என்று பெரியவர் பின்னால் சொன்னார். ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிற பெரியமனுஷர்களைப்போல் அவசரமே இல்லாமல், அவை ஓடைப்பக்கம் இறங்கின. கடைசியாக ஒரு பசுவும் கன்றும். குச்சி ஒடிகிற சத்தம் தேய்ந்து அடங்கியது. பெரியவர் இரண்டு விரலை உதட்டில் வைத்து, மெல்லிசாக ஒரு சீட்டியடித்தார்.

பாறையிலிருந்து பதில் சீட்டி வந்தது.

நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு வராத பதில், அவருடைய ஒரு சீட்டிக்கு வந்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்ற சந்தோஷம் வந்திருக்க வேண்டிய இடத்தில், வாசகர்களே, எனக்கு வந்தது ஆத்திரம். பெரியவன் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு பாதையில் ஏறி வந்தான். டார்ச்சை அவன் முகத்தில் அடித்தேன்.

"நான் கூப்பிட்டது காதுல விழுந்ததா?"

"விழுந்துச்சு" என்றான்.

பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. கை ஓங்கி ஓர் அறை விட்டேன். பத்து வருஷத்தில் அவனை நான் அப்படி அடித்ததில்லை. தம்பி முதுகில் இருந்ததால் தள்ளாடினான், விழவில்லை. அழவும் இல்லை. அண்ணனுக்காகவும் சேர்த்துத் தம்பி அழுதான். யாரும் பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம். பெரியவர் படியில் நின்றார்.

"பையன் சரியாத்தான் செஞ்சான் தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீதிக் கதை சோற்றுத் தட்டின் முன்னால் சின்னவன் வாயிலிருந்து வந்தது. விளக்கு வைக்கும் முன்னரே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பாதி வழியில் மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பாறைமேல் ஏறிக்கொண்டார்கள். கன்று வைத்திருந்த பசு பாறைக்கு நேர்கீழே வந்து நின்றது.

"நீ கத்தினப்ப அது தலையைத் தூக்கி 'புஸ்'ஸுனுச்சும்மா. நான் அம்மான்னு கூப்பிடப் போனேன். அண்ணன் என் வாயைப் பொத்திட்டான். நீ அழுதுக்கிட்டே கூப்பிட்டியா, அப்ப அண்ணனும் அழுதான். ஆனா சத்தம் வரலை."

பெரியவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது.

என் கணவர் எட்டரைக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "நாளைக்கே மதுரைக்கு எழுதுங்க. இனிமே ஒரு நாள்கூட இந்தக் காட்டுல என் பிள்ளையை வெச்சிருக்க மாட்டேன்" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எதுக்கு அனுப்பணும்? சொன்ன பேச்சைக் கேட்டதுக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். கட்சி எதுவும் சொல்லாதவர் ஐந்து வருஷத்தில் பேசிய ஒரே அரசியல் பேச்சு அது. எனக்குப் பதில் இல்லை. அவனை அனுப்ப நான் சொன்ன காரணங்களில் படிப்பு எவ்வளவு, என் பயம் எவ்வளவு என்று அன்று ராத்திரி பிரித்துப் பார்த்தேன். படிப்பு வெகு கொஞ்சமாகத்தான் மிஞ்சியது.

பதினோரு மணிக்குத் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு அவன் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூங்குகிறான் என்று நினைத்துக் கன்னத்தில் தடவினேன்.

"அடுத்த தடவை கத்தாதேம்மா" என்றான் கண்ணைத் திறக்காமல். "அது குட்டி வெச்சிருந்துச்சு. பயந்துடும்."

அடுத்த தடவை! அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் "சரிப்பா" என்று சொன்னேன்.

நம் வீடுகளில் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. மறுநாள் காலையில் ஏதாவது பலகாரம் செய்கிற வழக்கம் உண்டு. விடிந்ததும் பலாச்சுளையை அரைத்துப் பணியாரம் சுட்டேன். பெரியவன் எட்டுத் தின்றான். ஒன்பதாவதை எடுத்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குப் புரிந்திருந்தது என்று எனக்கும் புரிந்தது.

பாத்திரம் கழுவப் பின்தாழ்வாரத்துக்குப் போனால், சுவரில் மூன்று சட்டங்களுக்குக் கீழே சின்னவன் கையெழுத்தில் கோணல்மாணலாக ஒரு புது வரி: 'நாலு: அம்மா கத்த கூடாது.' நடுவில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. வேறொரு கை அதைப் பொடி எழுத்தில் சரியாகச் சேர்த்திருந்தது. தலைமை ஆசிரியரின் பேரன் அல்லவா? அடுத்த பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், அந்த இரண்டு முழத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

ஜூன் மாதம் பெரியவன் மதுரைக்குத்தான் போனான். ஆனால் அவனைக் கேட்டுவிட்டு அனுப்பினோம். "அங்க லைப்ரரி இருக்கா?" என்று கேட்டான், இருக்கிறது என்றதும் சம்மதித்தான். ஒரு மாதத்தில் மாமனாரிடமிருந்து கார்டு வந்தது: "பேரன் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தெருவைக் கடக்க அரை மணி நேரம் ஆகிறது. லாரி, பஸ், ஆட்டோ எல்லாம் போய் முடியும் வரை அசையாமல் நிற்கிறான். கேட்டால், வழி விட்டால் போய்விடும் என்கிறான். மதுரையில் எப்போது தாத்தா போய் முடியும்?" நான் அந்தக் கார்டைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பெரியவரிடம் சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டேன். நாற்பது வயசுக்கு மேல் ஒரு குடும்பஸ்திரீக்குக் கௌரவமான வித்தை அல்ல. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், வீட்டுக்கு ஆகாது என்று காதைப் பொத்திக்கொண்டார். முதல் பத்து நாள் காற்றுத்தான் வந்தது. பிறகு ஒரு சாயங்காலம், பெரியவரோடு மிளகுக்கொடி பார்க்கப் போன சின்னவன் திரும்ப நேரமாயிற்று. பனி இறங்கிவிட்டது. விளக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் நின்றேன். தொண்டை வரை வந்த கூச்சலை விழுங்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதை நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு விரலை உதட்டில் வைத்து ஊதினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பனிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சீட்டி வந்தது.

அந்த மலைகளில் பெரும்பகுதியை 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இப்போது காட்டுமாடுகள் கொடைக்கானல் பட்டணத்துத் தெருவிலேயே நடக்கின்றன. ஜனங்கள் கிட்டத்தில் போய்ப் படம் பிடிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது பெரியவரின் குரல் என் காதில் கேட்கிறது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று.

பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். ஸ்நேகிதிகள் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இருக்கிறது. எப்போதும் இருந்தது" என்று இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி கைப்பேசியில் பெரியவனைக் கூப்பிட்டால் சில நாள் எடுப்பதில்லை. இரண்டாம் தடவை கூப்பிடக் கை துறுதுறுக்கும். கூப்பிடுவதில்லை. ஏதோ ஒரு மாடு குறுக்கே நிற்கிறது போலிருக்கிறது, அது போனதும் அவனே கூப்பிடுவான் என்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.